நீர் வழக்கா, மின்சார வழக்கா?

பரம்பிக்குளம்–ஆளியாறு உடன்படிக்கையை முப்பது வருஷங்களுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவ்வுடன்படிக்கையே விதிக்கிறது. அது கையொப்பமானது 1970-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி. ஆயினும் 1958-ம் வருஷம் நவம்பர் மாதம் 9-ந் தேதி முதற்கொண்டே அமலில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அந்தக் கணக்கின்படி முதல் தவணை 1988-ல் வந்தது, போயிற்று. இரண்டாவது தவணை 2018-ல் வந்தது, அதுவும் போயிற்று. 2019-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 25-ந் தேதி, அப்பொழுது தமிழ்நாட்டு முதன்மந்திரியாக இருந்த ஸ்ரீ எடப்பாடி பழனிசாமியும் கேரள முதன்மந்திரி ஸ்ரீ பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்தார்கள். உடன்படிக்கையைத் திருத்துவது பற்றி ஆலோசிக்க இரு தரப்பிலும் ஐவர் ஐவராகக் கமிட்டி அமைப்பதென்று முடிவாயிற்று. கமிட்டிகள் அமைந்தன, கூடின, கலைந்து மீண்டும் கூடின. திருத்திய உடன்படிக்கை மட்டும் பிறக்கவில்லை.

இவ்வளவு காலம் ஒரு காரியம் முடியாமல் இழுபடுமானால், அதற்குக் காரணம் அதிகாரிகளின் சோம்பல் மாத்திரம் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அப்படிக் கருதவில்லை. வழக்கின் பொருள் இன்னதென்பதை இரு தரப்பாரும் வெவ்வேறாக எண்ணிக் கொண்டிருப்பதே தாமதத்தின் வேர் என்பது நம் அபிப்பிராயம். தமிழ்நாட்டார் நீரைப் பற்றிப் பேசுகிறார்கள். கேரளத்தார் நீரென்று சொல்லிக் கொண்டே பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இந்த இரண்டையும் பிரித்து எடைபோடாத வரையில் இன்னும் முப்பது வருஷம் கமிட்டி கூடினாலும் கதி ஒன்றுதான்.

திருப்பூர்ச் சீமைக்கு இதில் என்ன அக்கறை என்று வெளியூர் நேயர்கள் கேட்கக்கூடும். பரம்பிக்குளம்–ஆளியாறு திட்டத்தின் பாசனம் பெறும் நிலம் கோயம்புத்தூர், திருப்பூர் என்னும் இரு ஜில்லாக்களில் பரவியிருக்கிறது. 2009-ல் திருப்பூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபொழுது உடுமலையும், பல்லடமும், தாராபுரமும், காங்கயமும் அதன் பக்கம் சேர்ந்தன. ஆரம்பத்தில் சுமார் இரண்டரை லட்சம் ஏக்கருக்கென்று வகுத்த திட்டம், பின்னர் சிறிது சிறிதாக விரிந்து நான்கேகால் லட்சம் ஏக்கரை எட்டிற்று. நிலம் பெருகிற்று, நீர் பெருகவில்லை. ஆகவே திருமூர்த்தி அணையின் பாசனத்தை நான்கு மண்டலங்களாக வகுத்து, முறை வைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரு முறை நீர் வந்தால் மறு முறை வர இரண்டு வருஷம் ஆகும். கடைமடையாகிய காங்கயம், வெள்ளகோயில் பக்கத்துக் குடியானவன் அந்த முறையிலும் நம்பிக்கை வைப்பதில்லை. வெள்ளகோயிலுக்கு அருகில் உள்ள வட்டமலைக்கரை ஓடை அணை பல்லாண்டு வறண்டே கிடந்ததை அந்தப் பக்கத்தார் நன்கு அறிவார்கள். காட்டில் விளைவில்லாதவன் பனியன் கம்பெனிக்கு வந்தான். அவன் மகன் தறி போட்டான். இச்சீமையின் தொழில் வளம் என்று பெருமையாகப் பேசப்படுவதில் ஒரு பகுதி, வாய்க்காலில் நீர் வராமையால் விளைந்தது.

அப்படி வந்தவனுக்கு வேலை கொடுத்தது எது? மின்சாரம். நீலகிரியில் பைகாரா ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து சென்னைச் சர்க்கார் 1932-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதற்குப் பின்னரே கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. திருப்பூரின் பஞ்சுப் பேட்டையும், பின்னல் தொழிலும், பல்லடத்து விசைத்தறியும் அதன் வழி வந்தவையே. மலையில் விழும் நீர் இரண்டு வழியில் இச்சீமைக்கு வந்து சேர்கிறது: ஒன்று கால்வாய் வழியாக, மற்றொன்று கம்பி வழியாக. 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தில், டீசல் யந்திரத்தை ஓட்டி நஷ்டத்தில் சரக்கு அனுப்பிய சிறு முதலாளிகளைக் கேட்டால் கம்பியின் அருமையைச் சொல்வார்கள்.

அன்றியும் மற்றொரு விசேஷம் உண்டு. சாயக் கழிவை நொய்யலில் விடக்கூடாதென்று நியாயஸ்தலம் கண்டிப்பாக நின்று, 2011-ல் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சுத்தி செய்து அதையே திரும்ப உபயோகிக்கும் நிலையங்கள் இங்கே தவிர்க்க முடியாதவை ஆயின. அந்நிலையங்களில் உப்பு நீரைச் சவ்வின் வழியே பிழிவதற்கும், எஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதற்கும் ஆகும் மின்சாரமும் எரிபொருளும் கொஞ்சமல்ல. ஆக, திருப்பூர்ச் சாயப் பட்டறைக்காரர் ஒவ்வொரு நாளும் மின்சாரத்தைக் கொடுத்து நீரை வாங்கிக் கொண்டிருக்கிறார். ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம், அதற்கு ஒரு விலை உண்டு என்பது இவ்வூரில் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். இரு ராஜ்யங்களின் செக்ரடேரியட்டுகளில்தான் அது இன்னும் பதியவில்லை.

நிற்க. இந்த வகை வழக்கு நமக்குப் புதிதன்று. பெரியாற்று நீரைப் பற்றி 1886-ல் இந்தியா மந்திரிக்காகச் சென்னைச் சர்க்காரும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் செய்து கொண்ட குத்தகையில் மின்சாரம் என்ற சொல்லே இல்லை. அந்நாளில் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது இந்நாட்டில் எவர் நினைவிலும் இல்லை. மதுரை ஜில்லா நிலங்களுக்குப் பாசனம், அதற்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் சுமார் 8,000 ஏக்கருக்கு வாடகை என்ற அளவில் காரியம் நடந்தது. பிற்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் அதே நீரில் மின்சாரமும் எடுக்கலாமே என்று சென்னைச் சர்க்கார் எண்ணியபொழுது, பாசனத்துக்கென்று கொடுத்த நீரை வேறெதற்கும் உபயோகிக்கக் கூடாது என்று திருவிதாங்கூர் மறுத்தது. மத்தியஸ்தர்களுக்குள் கருத்து ஒவ்வாமையால் விஷயம் நடுவர் ஸ்ரீ நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போயிற்று. 1941-ல் அவர் திருவிதாங்கூரின் பக்கமே தீர்ப்பளித்தார். இதில் நாம் ரசிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. அப்பொழுது திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் ஸர் சி. பி. ராமஸ்வாமி அய்யர். அவரே சில வருஷங்களுக்கு முன் சென்னை நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்து, பைகாராவுக்கும் மேட்டூருக்கும் வாதாடியவர். மலைநீரின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கரையில் உட்கார்ந்தாலும் தெரிந்திருந்தது.

சுயராஜ்யம் வந்த பின்னர் அந்த வழக்கு தீர்ந்தது. பெரியாற்று நீரில் தமிழ்நாடு மின்சாரம் எடுத்துக் கொள்ளலாம், அதற்காகக் கேரளத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று உடன்பாடாயிற்று. கீழ் முகாமில் 140 மெகாவாட் சக்தியில் நிலையம் எழுந்தது. அந்த உடன்படிக்கை கையொப்பமான தேதியை நேயர்கள் கவனிக்க வேண்டும்: 1970-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி. பரம்பிக்குளம்–ஆளியாறு உடன்படிக்கை கையொப்பமான அதே நாள். ஒரே நாளில், அதே இரு சர்க்கார்கள், ஓர் ஆற்றில் மின்சாரத்துக்கு விலை பேசினார்கள்; மற்றோர் ஆற்றுக் கூட்டத்தில் விலை பேசாமல் நீரை மட்டும் அளந்தார்கள். இன்று நாம் காணும் இழுபறிக்கு அங்கேதான் விதை விழுந்தது.

நீரை அளந்தார்கள் என்று சொன்னோம். எப்படி அளந்தார்கள் என்று ஷரத்துக்களைப் பார்த்தால் உண்மை விளங்கும். சோலையாற்றிலிருந்து தமிழ்நாடு வருஷந்தோறும் 1,230 கோடி கன அடி நீரைக் கேரளச் சோலையாற்று அணைக்கு விட வேண்டும். அன்றியும் செப்டம்பர் 1-ந் தேதியும் பிப்ரவரி 1-ந் தேதியும் அந்த அணை நிரம்பியிருக்கும்படி செய்ய வேண்டும். இந்த இரண்டு தேதிகள் எதற்காக? பயிருக்காக அல்ல. அந்த அணைக்குக் கீழே கேரளத்தின் சோலையாற்று மின்நிலையமும், அதற்கும் கீழே பொரிங்கல்குத்து நிலையமும் இருக்கின்றன. பிப்ரவரியில் அணை நிரம்பியிருந்தால் கோடை முழுவதும் அந்நிலையங்கள் ஓடும். மேல் நீராற்றில் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை வரும் நீர் கேரளத்துக்கு என்பதும் இடமலையாற்றுத் திட்டத்தை நினைத்து எழுதியதே. மணக்கடவில் விட வேண்டிய 725 கோடி கன அடி ஒன்றுதான் சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு நேரே போவது. மற்றவை எல்லாம் நீரின் வேஷத்தில் வந்த மின்சாரம்.

தமிழ்நாட்டின் பங்கும் அவ்வாறே. சோலையாற்று முதல் நிலையத்தில் 70 மெகாவாட், சர்க்கார்பதியில் 30, நவமலையில் உள்ள ஆளியாற்று நிலையத்தில் 60 என்று நம் பக்கத்திலும் அந்த நீர் விழும் இடமெல்லாம் சக்கரம் சுழல்கிறது. சோலையாற்றிலிருந்து பரம்பிக்குளம், பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு, அங்கிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி, பிறகு காண்டூர்க் கால்வாய் வழியே திருமூர்த்தி. இப்படிப் படிப்படியாக இறங்கும் நீர் மின்சாரமும் கொடுத்து, கடைசியில் பல்லடத்துச் சோளக்காட்டையும் நனைக்கிறது. கேரள எல்லைக்குள் இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளைத் தமிழ்நாடே கட்டிப் பராமரித்து வருகிறது. ஸ்ரீ காமராஜும், ஸ்ரீ சி. சுப்பிரமணியமும், கேரளத்தின் முதல் முதன்மந்திரியான ஸ்ரீ இ. எம். எஸ். நம்பூதிரிபாடும் அதிகாரத்தில் இருந்த நாட்களில் இந்த ஏற்பாடு உருவாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. கட்சியால் அவர்கள் வடதுருவமும் தென்துருவமும் போன்றவர்கள். காரியம் நடந்தது.

இனி ஆனைமலையாறு. இங்கேதான் முடிச்சு இருக்கிறது. கேரளம் இடமலையாற்றுத் திட்டத்தை முடித்த பிறகு, ஆனைமலையாற்றிலிருந்து 250 கோடி கன அடி நீரைத் தமிழ்நாடு திருப்பிக் கொள்ளலாம் என்பது உடன்படிக்கையின் ஏற்பாடு. இன்றைய பரிபாஷையில் இரண்டரை டி.எம்.சி. என்பார்கள். இடமலையாற்று அணை 1985-ல் கட்டி முடிந்தது. 1987-ல் 75 மெகாவாட் மின்நிலையம் ஓடத் தொடங்கிற்று. ஆகவே காலம் வந்துவிட்டது, அனுமதி தாருங்கள் என்று தமிழ்நாடு கேட்கிறது. அணையும் மின்நிலையமும் முடிந்தன, ஆனால் பாசனக் கால்வாய்கள் முடியவில்லை, திட்டம் என்றால் எல்லாம் சேர்ந்ததுதான் என்று கேரளம் பதில் சொல்கிறது.

ஒரு வக்கீலின் கண்ணால் பார்த்தால் நம் பக்கத்து வாதம் பலமானது என்றே கூறுவோம். மின்நிலையம் ஓடத் தொடங்கிய திட்டத்தை முடியாத திட்டம் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சொல்லிக் கொண்டிருப்பது நியாயத்துக்கு ஒத்ததன்று. கால்வாய் கடைசி வரையில் முடிவடையாமலே போனால் ஷரத்தும் கடைசி வரையில் உயிர் பெறாதா? இப்படி ஒரு நிபந்தனையை ஒரு தரப்பார் தம் கையில் வைத்துக் கொண்டு நீட்டிக் கொண்டே போவதற்காக எவரும் உடன்படிக்கை செய்வதில்லை.

ஆனால் வாதத்தில் ஜெயிப்பதும் நீர் பெறுவதும் ஒன்றல்ல. கேரளத்தின் மனத்தில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கேரளத்தில் நிலக்கரி கிடையாது. இடுக்கியின் 780 மெகாவாட் உள்பட அதன் சொந்த மின்சாரத்தில் பெரும்பகுதி மலைநீரிலிருந்தே வருகிறது. அதுவும் போதாமல் வெளியிலிருந்து வாங்குகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வீடுதோறும் விளக்கெரியும் நேரத்தில் உடனே திறந்து விடக்கூடியது அணைநீர் ஒன்றே. அவர்கள் ஒரு கன அடி நீரைப் பார்க்கும்பொழுது அது எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். நாம் பார்க்கும்பொழுது அது எத்தனை ஏக்கரை நனைக்கும் என்று பார்க்கிறோம். இரண்டு பார்வையும் யோக்கியமானவையே. இதைப் புரிந்து கொள்ளாமல் கேரளம் வஞ்சிக்கிறது என்று மேடையில் கர்ஜிப்பதால் ஒரு குடம் நீர்கூட மலையைத் தாண்டி வரப்போவதில்லை. கர்ஜித்தவர்களுக்கு வோட்டு வந்தது உண்டு. அது வேறு விஷயம்.

சரி, 250 கோடி கன அடி நீர் கிழக்கே திரும்பினால் கேரளம் இழக்கும் மின்சாரம் எவ்வளவு? இதைக் கணக்கிட மகா மேதை வேண்டுவதில்லை. அது சுமார் ஏழு கோடி கன மீட்டர் நீர். நிலையத்தில் நூறு மீட்டர் அளவு வீழ்ச்சி என்று வைத்துக் கொண்டு, யந்திரத்தின் நஷ்டத்தையும் கழித்தால் ஏறக்குறைய ஒரு கோடியே அறுபது லட்சம் யூனிட் வரும். வீழ்ச்சி சிறிது கூடினால் தொகையும் சிறிது கூடும், குறைந்தால் குறையும். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று கொண்டால் வருஷத்துக்கு எட்டுக் கோடி ரூபாய். இரண்டு பெரிய ராஜ்யங்கள் இத்தனை வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்பதற்கு இதுதானா காரணம்? திருப்பூரில் நடுத்தரமான ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் வருஷ வியாபாரத்துக்கு இது ஈடாகுமா என்பதே சந்தேகம்.

உடுமலைக்கும் பல்லடத்துக்கும் இடையே பஸ்ஸில் போகிறவர்கள் இரு புறமும் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பாலக்காட்டுக் கணவாயின் வழியே கேரளத்திலிருந்து வரும் தென்மேற்குக் காற்றில் சுழல்பவை அவை. நம் ஆலை முதலாளிகளில் பலர் தங்கள் ஆலைக்கென்று அவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு மெகாவாட் சக்தியுள்ள ஒரு காற்றாலை, தன் முழுச் சக்தியில் நாலில் ஒரு பங்கு அளவுக்கே வருஷ சராசரியில் ஓடுவதாக வைத்துக் கொண்டாலும், நாற்பது லட்சம் யூனிட்டுக்கு மேல் கொடுக்கும். நான்கு காற்றாலை நின்றால் கேரளம் ஆனைமலையாற்றில் இழப்பது அத்தனையும் ஈடாகிவிடும். ஆகவே நாம் கூறும் யோசனை இது: இழக்கும் மின்சாரத்தை மின்சாரமாகவே திருப்பிக் கொடுத்து விடுவோம்.

பணமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். பெரியாற்றில் அதைத்தான் செய்தார்கள். ஒரு கிலோவாட்–வருஷத்துக்கு 12 ரூபாய், 35 கோடி யூனிட்டுக்கு மேற்பட்டதற்கு 18 ரூபாய் என்று 1970-ல் விகிதம் வைத்தார்கள். ஒரு கிலோவாட்–வருஷம் என்பது 8,760 யூனிட். வகுத்துப் பார்த்தால் யூனிட் ஒன்றுக்கு ஏழில் ஒரு பைசாவும் தேறாது. 1970-லேயே அது சொற்பம். பின்னால் ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க அது கேலிக்கூத்தாயிற்று. இது கேரளத்தாருக்கு ஆறாத மனக்குறை. நமக்கு லாபம்தானே என்று நாம் சந்தோஷப்பட்டோமானால் அது குறுகிய பார்வை. பெரியாற்றில் ஏமாந்தோம் என்று எண்ணுகிறவன் ஆனைமலையாற்றில் கையெழுத்துப் போடுவானா? யூனிட்டாகப் பேசினால் இந்தத் தொல்லை இல்லை. ரூபாய் தேயும், யூனிட் என்றும் ஒரே அளவு.

பருவம் ஒத்துவராதே என்று ஓர் ஆக்ஷேபம் எழலாம். காற்றாலை ஓடுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை; கேரளத்துக்கு மின்சாரம் மிகவும் வேண்டியிருப்பது மார்ச் முதல் மே வரை. ஆக்ஷேபம் சரியானதே, ஆயினும் அதற்குச் சமாதானம் கேரளத்தின் கையிலேயே இருக்கிறது. காற்று வீசும் மாதங்களில் நம் யூனிட்டை வாங்கி விளக்கெரித்து, அந்த அளவுக்குத் தன் அணையில் சக்கரத்தைச் சுழற்றாமல் நிறுத்தி வைத்தால், நீர் அணையிலேயே தங்கும். கோடையில் திறந்து கொள்ளலாம். அணையே பத்தாயம். நம் பக்கத்தில் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஆளியாற்று நீரை இரவில் மேலே ஏற்றி மாலையில் இறக்குவதும் இதே தத்துவத்தின் சிறு உருவம்தான். காற்று மிகுந்த நாட்களில், இவ்வளவு மின்சாரம் வேண்டாம் என்று நம் மின்சார வாரியமே காற்றாலைகளை நிறுத்தச் சொன்னது உண்டு என்று ஆலைக்காரர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். வேண்டாமென்று நிறுத்தியதைக் கொடுத்து நீர் வாங்குவதில் நமக்கு நஷ்டம் என்ன?

இது ஏதோ பத்திரிகைக்காரனின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டா. கொலம்பியா ஆற்றைப் பற்றி அமெரிக்காவும் கானடாவும் 1961-ல் கையொப்பமிட்டு 1964-ல் அமலுக்குக் கொண்டுவந்த உடன்படிக்கையின் சாரமே இதுதான். கானடா தன் எல்லைக்குள் மூன்று அணைகளைக் கட்டி நீரைத் தேக்கி, காலமறிந்து விட்டது. அதனால் கீழே அமெரிக்க நிலையங்களில் அதிகமாக விளைந்த மின்சாரத்தில் பாதி கானடாவுக்குச் சேர வேண்டும் என்று ஏற்பாடு. முதல் முப்பது வருஷத்துப் பங்கைக் கானடா மொத்தமாக 25 கோடியே 40 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. அதன் பிறகு மின்சாரமாகவே பெற்று வந்தது. பங்கின் அளவு அதிகம் என்று அமெரிக்கர் பின்னால் முணுமுணுத்ததும், 2024 ஜூலையில் கொள்கையளவில் திருத்தத்துக்கு இணங்கியதும், அதன்பின் புதிய தடைகள் எழுந்ததும் உண்மை. ஆனால் அறுபது வருஷம் எந்த வருஷத்திலும் சண்டை கணக்கைப் பற்றித்தான் நடந்தது. கணக்கே இல்லாமல் நடக்கவில்லை.

மின்சாரத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இடமலையாற்று நீர் மின்நிலையத்தைத் தாண்டிய பிறகு பூதத்தான்கெட்டு வழியாகப் பெரியாற்றுப் பள்ளத்தாக்கின் பாசனத்துக்குப் போகிறது. கோடையில் பெரியாற்றின் முகத்துவாரத்தில் கடல் உப்பு ஏறாமல் தடுப்பதும், கொச்சிப் பக்கத்துக்குக் குடிநீர் கொடுப்பதும் அந்த நீர். அங்கே யூனிட்டைக் காட்டிப் பயனில்லை. நீரைத்தான் காட்ட வேண்டும். ஆகவே மழைக்காலத்துப் பெருக்கில் மட்டும் திருப்புவது, கோடையில் தொடாமல் விடுவது என்ற நிபந்தனையை நாமே முன்வந்து எழுதிக் கொடுப்பது விவேகம். இன்று ஆனைமலையாறு என்று இடம் கொடுத்தால் நாளை பாண்டியாறு–புன்னம்புழா, நாளன்றைக்குப் பம்பை–அச்சன்கோயில் என்று தமிழ்நாடு கேட்டுக் கொண்டே போகும் என்ற பயமும் கேரளத்தில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு–புன்னம்புழாத் திட்டம் 2019 பேச்சிலேயே இரண்டாவது கமிட்டியின் விஷயமாக இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கணக்காக வைத்து, ஒன்று தீராவிட்டால் மற்றொன்றும் நிற்கும் என்ற நிலையை ஒழிக்க வேண்டும். முல்லைப்பெரியாற்று அணையின் பாதுகாப்பைப் பற்றிய வழக்கையும் இதில் கலக்காமல் இருப்பது இரு தரப்புக்கும் க்ஷேமம்.

அண்டை வீட்டாரிடம் நீர் கேட்குமுன் நம் வீட்டுப் பானையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ந் தேதி பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று பிடி அறுந்து போய், நாம் பல்லாயிரம் ஏக்கருக்கு எதிர்பார்த்திருந்த நீர் சாலக்குடி ஆற்றில் வெள்ளமாக ஓடிற்று. அணையைப் பராமரிக்கும் பொறுப்பு நம்முடையது. திருமூர்த்தியிலிருந்து கடைமடை வரை வாய்க்காலின் ஓரத்தில் கிணறு வெட்டியும், குழாய் போட்டும் நீர் உறிஞ்சுவோரைப் பற்றிக் கடைமடைக்காரர்கள் முறையிடாத வருஷம் இல்லை. நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. இவையெல்லாம் பாலக்காட்டுப் பத்திரிகைகளும் படித்திருக்கின்ற செய்திகள். முறை வைத்து நீர் விடும் நிலைமைக்கு முக்கியமான காரணம், திட்டத்தின் நீரைக் கணக்கிடாமல் அதன் நிலத்தை மட்டும் விரித்த நம் சட்டசபை அரசியலே என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நீராற்றிலிருந்து நல்லாற்றுக்கு நேரே சுரங்கம் குடைந்து, இப்பொழுது சோலையாறு, பரம்பிக்குளம் என்று சுற்றி வரும் நீரைத் திருமூர்த்திப் பக்கம் சேர்க்கலாம் என்ற யோசனையும் வெகு நாளாக இருக்கிறது. வழியில் ஆகும் நஷ்டம் குறையும் என்று உடுமலை, பல்லடம் விவசாயிகள் ஆனைமலையாற்றையும் நல்லாற்றையும் சேர்த்தே கேட்டு வருகிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்பது கூட்டத்துக்கு நன்றாக இருக்கும். காரியத்துக்கு நல்லதா என்று யோசிக்க வேண்டும். ஆனைமலையாற்றுக்கு உடன்படிக்கையிலேயே இடம் இருக்கிறது. அதைத் தனியே எடுத்து முதலில் முடிப்பதே சாமர்த்தியம்.

ஆகவே இரு கமிட்டிகளும் அடுத்த முறை கூடும்பொழுது, திட்டம் முடிந்ததா முடியவில்லையா என்ற சர்ச்சையை ஒரு புறம் ஒதுக்கி வைத்து விடட்டும். ஆனைமலையாற்றிலும், இடமலையாற்று நிலையத்திலும், நீராற்றிலும், மணக்கடவிலும் இரு ராஜ்யத்து இஞ்சினீயர்களும் கூடி நின்று நீர் அளக்கட்டும். அளந்ததை அன்றன்று இரு பாஷைப் பத்திரிகைகளுக்கும் கொடுக்கட்டும். இரண்டு மழைக்காலம் அளந்தால் இத்தனை கன அடி, இத்தனை யூனிட் என்ற எண் கிடைத்துவிடும். அந்த எண்ணை உடன்படிக்கைக்கு ஓர் அனுபந்தமாகச் சேர்த்து, முப்பது வருஷத்துக்கு ஒரு முறை என்பதை மாற்றி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திருத்துவதென்று எழுதிக் கொள்ளலாம். இதற்கு நியாயஸ்தலம் போக வேண்டுவதில்லை. மத்திய சர்க்காரின் மத்தியஸ்தமும் வேண்டுவதில்லை. இரண்டு முதன்மந்திரிகளின் கையெழுத்துப் போதும். உடன்படிக்கையின் மூன்றாவது தவணை 2048-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வருகிறது. அதற்குள் திருமூர்த்தியின் நான்கு மண்டலங்களுக்கும் இன்னும் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் நீர் வராது.